கீழக்கரையிலிருந்து மேகமலைக்கு 14 பேர்: அனுமதி, வேன், நடை, அட்டை பற்றி விவரம் தேவை

கீழைக்காற்று:

அண்ணன்மார், காக்காமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். காலாண்டுப் பரீட்சை லீவுல பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மேகமலை போகலாம்னு இருக்கோம். பெரியவங்க எட்டுப் பேர், பத்து வயசு தாண்டின பிள்ளைங்க அஞ்சு, முழங்கால் வலியோட ஒரு பெரியம்மா. 17 சீட் டெம்போ டிராவலர் பேசியிருக்கோம். ஓட்டுறவர் மதுரை, திருச்சி, நாகூர்னு நல்லா ஓட்டுவார், ஆனா மலை ரோடு அவருக்குப் புதுசு. மேலே ஒரு ராத்திரி தங்கணும்.

கேள்விகள் இதுதான். நம்ம மாவட்டத்துக் காரங்காடு அலையாத்திக் காட்டுல டிக்கெட் வாங்கிப் படகு ஏறுற மாதிரி அங்கேயும் போய் இறங்கினதும் டிக்கெட் வாங்கிக் காட்டுக்குள்ள போக முடியுமா, இல்ல முன்னாடியே அனுமதி வாங்கணுமா? மேகமலை அருவியில குளிக்கணும், மகாராஜாமெட்டு காட்சிமுனை பார்க்கணும், காட்டுக்குள்ள ஒரு நடை நடக்கணும், யானையும் பார்க்கணும்னு பிள்ளைங்க ஆசைப்படுறாங்க. ஒரே பயணத்துல நடக்குமா? சிலிண்டரும் அடுப்பும் கொண்டுபோய் ஏரிக்கரையில சமைக்கலாமா? சின்ன ட்ரோன் ஒண்ணு இருக்கு, பறக்க விடலாமா? அட்டைக்கடிக்கு என்ன செய்யணும்?

வைகைக்கரை:

தம்பி, முதல்ல அருவியைப் பட்டியல்லேர்ந்து எடுத்துருங்க. மேகமலை அருவின்னு சொல்றது நீங்க தங்கப்போற மேகமலையில இல்லை. அது கோம்பைத்தொழு பக்கம் இருக்கிற சின்னச் சுருளி. ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு வழியா வருசநாட்டுப் பள்ளத்தாக்குக்குள்ள போகணும். தேயிலைத் தோட்டமும் ஏரியும் இருக்கிற மேகமலைக்கு வழி தேனி, சின்னமனூர். ரெண்டும் ஒரே மலைத்தொடரோட இரண்டு பக்கம், நடுவுல உங்க வேன் போக ரோடு கிடையாது. போன் மேப்புல வெறுமனே 'மேகமலை'ன்னு போட்டுக் கிளம்பி எதிர்ப்பக்கம் போய் நிக்கிறது அடிக்கடி நடக்குது. 'ஹைவேவிஸ்'னு போடுங்க, அந்தப் பேரூராட்சிதான் உங்க இலக்கு. கம்பம் பக்கம் இருக்கிற சுருளி அருவி மூணாவது இடம். திரும்பி வரும்போது கீழே இறங்கி அதுக்குப் போகலாம், ஆனா மேல்மலையில மழை பெஞ்சாலும், யானை நடமாட்டம் இருந்தாலும் குளிக்க விட மாட்டாங்க. அதை நம்பித் திட்டம் போடாதீங்க.

அடுத்து அனுமதி. மேகமலைச் சரணாலயமும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் சேர்ந்து 2021 பிப்ரவரியில புலிகள் காப்பகம் ஆயிடுச்சு, தமிழ்நாட்டுக்கு அஞ்சாவது. மொத்தம் 1,016 சதுர கி.மீ. சொச்சம். அதுல சுமார் 641 மையப்பகுதி, மீதி 374 அளவு வெளிவட்டம். நம்ம மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருந்தாலும் வனத்துறைப் படகுல குருசடை போயிட்டு வர்றவரு மத்த தீவுல இறங்க முடியாது இல்லையா, அதே கணக்குத்தான் இங்கேயும். சின்னமனூர்லேர்ந்து மேலே போற ரோடு பொதுமக்களுக்கு உண்டு, அரசுப் பேருந்தே இரவங்கலாறு வரைக்கும் போகுது. ரோட்டை விட்டு இறங்கினா மூணு பேரோட இடம்: மரக்காடு வனத்துறைக்கு, தேயிலை எஸ்டேட்டுக்கு, அணைகள் மின்வாரியத்துக்கு (ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு எல்லாம் சுருளியாறு நீர்மின் திட்டத்தோட அணைகள்). மூணுலயும் கேட்காம நுழையக் கூடாது. காரங்காட்டுப் படகுத்துறை மாதிரி ஒரே கவுண்டர்ல எல்லாம் முடியுற இடம் இல்லை.

ரோட்டுல போய், விடுதியில தங்கி, ரோட்டோரக் காட்சிமுனைகள்ல நின்னு பார்த்துட்டு வர்றதுக்கு முன்கூட்டியே தனி அனுமதி தேவைப்படாது. அடிவாரத்துல தென்பழனிச் சோதனைச்சாவடியில வண்டி எண்ணும் ஆள் கணக்கும் குறிச்சுக்குவாங்க, பிளாஸ்டிக்கும் மதுவும் இருக்கான்னு பார்ப்பாங்க. காலை 6 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு அப்புறமும் விட மாட்டாங்க. எல்லாருக்கும் ஆதார் நகல் வச்சுக்கங்க. ஹைவேவிஸ் தாண்டி மகாராஜாமெட்டு வரைக்கும் போறது அன்னன்னைக்கு நிலவரம். யானைக்கூட்டம் ரோட்டுல நின்னாலோ மண் சரிஞ்சாலோ அன்னைக்குக் கிடையாது. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி தேனியில இருக்கிற காப்பகத் துணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, தேதியையும் ஆள் கணக்கையும் சொல்லி, எதுவரைக்கும் திறந்திருக்குன்னு கேட்டுக்கங்க. விடுதிக்காரர் சொல்றதை மட்டும் வச்சு முடிவு பண்ண வேண்டாம், அவருக்கு அறை நிரம்பணும்.

காட்டுக்குள்ள நடக்கணும்னா ஒரே ஒழுங்கான வழி, வனத்துறையோட 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்துல பதிவு பண்றது. 2024 அக்டோபர்ல 14 மாவட்டங்கள்ல 40 தடங்களோட ஆரம்பிச்சாங்க, தேனி மாவட்டத்துலயும் விருதுநகர் மாவட்டத்துலயும் தடங்கள் இருக்கு. எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சிருப்பாங்க. காட்டையொட்டி வாழுற மக்கள்லேர்ந்து பயிற்சி கொடுத்த வழிகாட்டிகள் கூட வருவாங்க. 18 வயசுக்குக் கீழ பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்பாங்க. பிப்ரவரிலேர்ந்து கோடை வரைக்கும் காட்டுத்தீக் காலம்னு மூடிருவாங்க, உங்களுக்குக் காலாண்டு லீவுங்கிறதால அந்தச் சிக்கல் இல்லை. ஆனா தடம் ஆரம்பிக்கிற ஊரைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி பாருங்க. தேனி மாவட்டத் தடம்ங்கிறதால அது ஹைவேவிஸ் பக்கத்துலேயே இருக்கும்னு நினைக்கக் கூடாது.

ஏரிக்கரைச் சமையல் கூடவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 30ஆம் பிரிவு தீயைப் பத்தினது. 2022 திருத்தத்துக்கு அப்புறம் பொதுவான மீறலுக்கே அபராதம் ஒரு லட்ச ரூபாய் வரைக்கும் போகலாம், மூணு வருஷம் வரை சிறையும் உண்டு. சமைச்சே ஆகணும்னா விடுதிச் சமையலறையைக் கேளுங்க. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் எவர்சில்வர் தூக்குல, வாழை இலையோட எடுத்துட்டுப் போனா ஒரு வேளைச் சாப்பாட்டுக் கவலை தீரும். கருவாடு மட்டும் வேண்டாம். வாடை வண்டியை விட்டுப் போகாது, ராத்திரி விடுதி வாசல்ல காட்டுப்பன்னியும் கரடியும் மோப்பம் பிடிக்கும். தொதல் (நம்ம ஊரு அல்வா மாதிரி இனிப்பு) எடுத்துட்டுப் போறதா இருந்தா இறுக்க மூடுற டப்பாவுல போடுங்க, நாட்டுக்குரங்கு பையைக் கிழிச்சுரும்.

ட்ரோனை வீட்டுலேயே வச்சுருங்க. வனத்துறை எழுத்து அனுமதி இல்லாமப் பறக்கவிட்டா பறிமுதல் ஆகும், வழக்கும் வரும். அந்தச் சத்தத்துல யானைக்கூட்டம் மிரண்டு ஓடினா குட்டி மிதிபடும்.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னு பிள்ளைங்க கேட்டா இதைச் சொல்லுங்க. வைகைக்கு முதன்மையான நீர்ப்பிடிப்பு இந்த வருசநாடு, மேகமலைக் காடுதான். அந்தச் சோலைக்காட்டு மண்ணு மழையைப் பிடிச்சு வச்சு மெதுவா விடுது, அது வைகை அணைக்கு வந்து, பார்த்திபனூர் மதகணை தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாய்ல முடியுது. நம்ம மாவட்டத்துக் கண்மாய்க்கு வர்ற தண்ணியோட தலைமாட்டுக்குத்தான் நீங்க போறீங்க.

பட்டறை_பரமக்குடி:

வேன் விஷயம் நான் சொல்றேன். மலை ரோடு புதுசுங்கிற ஓட்டுநர் பழகிக்குவார். கடற்கரையில ஓடின வண்டியை அப்படியே மலைக்கு ஏத்துறதுதான் ஆபத்து. நம்ம ஊர்ல ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்துற பழக்கம் இருக்கு. அந்த உப்புத்தண்ணி உள்ளே சுண்ணாம்பாப் படிஞ்சு குழாயை அடைச்சுரும். சமவெளியில காத்தடிச்சு ஓடும்போது தெரியாது. இத்தனை பேரை ஏத்திக்கிட்டு ரெண்டாவது கியர்ல 18 கொண்டை ஊசி ஏறும்போதுதான் கொதிக்கும். கிளம்புறதுக்குப் பத்து நாள் முன்னாடியே ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட்டும் வடிகட்டின தண்ணியும் டப்பாவுல போட்டிருக்கிற விகிதத்துல கலந்து ஊத்தச் சொல்லுங்க. கூடவே ரேடியேட்டர் மூடியோட ரப்பரும் ஃபேன் பெல்ட்டும் பாக்கச் சொல்லுங்க.

ரெண்டாவது பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், நம்ம கடலோர ஈரக்காத்துல கொஞ்சம் வேகமாவே உறிஞ்சும். டாட் 3 ரக ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி, ஈரம் ஏறினதும் 140 வரைக்கும் இறங்கிரும். டாட் 4 புதுசுல 230, ஈரம் ஏறினா 155. இறக்கத்துல தொடர்ந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடு இந்த அளவைத் தாண்டும், ஆயில் கொதிச்சு ஆவிக்குமிழி வரும், பெடல் தரைக்குப் போகும், வண்டி நிக்காது. ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சுன்னா மாத்திருங்க. டாட் 4 போடலாமான்னு வண்டியோட கையேட்டைப் பார்த்துக்கங்க. உப்புக்காத்துல பின்சக்கர டிரம்முக்குள்ள ஷூ அட்ஜஸ்டர் துருப்பிடிச்சு இறுகிப்போயிருக்கும், நாலு சக்கரத்தையும் கழட்டிப் பார்க்கணும். இதைப் பார்க்காம 'பிரேக் நல்லாத்தான் பிடிக்குது'ன்னு சொல்றவரை நம்பாதீங்க.

ஓட்டுறதுக்கு: எந்த கியர்ல ஏறினாரோ அதே கியர்ல இறங்கணும். ரெண்டாவதுல விட்டு எஞ்சின் இழுத்துப் பிடிக்கட்டும். பிரேக்கை வளைவுக்கு முன்னாடி அழுத்தமா மிதிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு முழுசா விட்டுரணும், லேசா மிதிச்சுக்கிட்டே வரக் கூடாது. டீசல் மிச்சம்னு நியூட்ரல் போட்டாலோ எஞ்சினை அணைச்சாலோ பிரேக்குக்கு வேக்குவம் உதவியும் ஸ்டீயரிங் உதவியும் போயிரும். லைனிங் கருகுற வாடை வந்தா ஓரமா நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்க, தண்ணி ஊத்துனா சூட்டுல டிரம் விரிசல் விடும். டிரம் கொதிக்கிறப்ப ஹேண்ட் பிரேக்கை இறுக்கிட்டுப் போகாதீங்க, ஆறும்போது டிரம் சுருங்கி ஷூவோட இறுகிப் பிடிச்சுக்கும். சக்கரத்துக்குக் கட்டை வைங்க.

மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, இது சட்டத்துலயே இருக்கு. இறங்குறவர் நின்னு விடணும். சாமான் எல்லாத்தையும் கூரைக் கேரியர்ல ஏத்தாதீங்க, கனமானது சீட்டுக்கு அடியில போகட்டும். டீசல் சின்னமனூர்ல நிரப்பிருங்க, அதுக்கு மேல பங்க் கிடையாது. ஏர் ஹாரன் இருந்தா வயரைப் பிடுங்கி விட்டுருங்க, கொண்டை ஊசியில சாதா ஹாரன் ஒரு தட்டு போதும்.

கீழைக்காற்று:

ரொம்ப நன்றி காக்கா, அண்ணே. ரேடியேட்டர்ல போர் தண்ணிதான் ஊத்தியிருக்காங்க, இன்னைக்கே வண்டிக்காரர்கிட்ட பேசுறேன். அருவியை எடுத்துட்டோம், ட்ரோனையும். இப்ப வீட்டுல ரெண்டு பேச்சு. பெரியம்மாவுக்கு அவ்வளவு தூரமும் 18 வளைவும் ஒத்துக்காது, பேசாம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போலாமேங்கிறாங்க. அது எப்படி? பிள்ளைங்க யானை, சிங்கவால் குரங்குன்னு நிக்கிறாங்க. ரோட்டுல நின்னே என்ன பார்க்க முடியும்?

மலைச்சாரல்_77:

ரோட்டுல நின்னு என்னங்க பார்க்கிறது? எஸ்டேட்ல யாராவது காவலாளிகிட்ட முந்நூறு, நாநூறு கொடுத்தா ஜீப்புல பின்வழியா உள்ள கூட்டிட்டுப் போவாங்க. யானை நிச்சயம்னு சொல்றாங்க.

வைகைக்கரை:

அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இதை யாரும் செய்ய வேண்டாம். அந்தக் காவலாளிக்கு வேலை போகும், உள்ள போன 14 பேர் மேலயும் வழக்கு வரும். அதைவிடப் பெரிய விஷயம், கேட்டுல பேர் பதியாம உள்ள போனவங்க இருக்கிற இடம் யாருக்கும் தெரியாது. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில 23 உயிர் போச்சு. அதுவும் இதே தேனி மாவட்டத்து மலைதான். காய்ஞ்ச புல்லுல தீ சரிவுல மேல்நோக்கி மனுசன் ஓடுறதைவிட வேகமா ஏறும். அப்படி ஒரு நேரத்துல எந்தப் பக்கம் இறங்கணும்னு தெரிஞ்ச வழிகாட்டி கூட இருக்கணும், கீழ இருக்கிறவங்களுக்கு நீங்க எந்தத் தடத்துல இருக்கீங்கன்னு தெரிஞ்சிருக்கணும். அதுக்கு அப்புறம்தான் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறையே வந்தது. செப்டம்பர்ல தீ இல்லாட்டியும் மூடுபனி இருக்கு, பத்தடி தள்ளி ஆள் தெரியாது.

இருவாட்சி:

ரோட்டில் நின்றே நிறையப் பார்க்கலாம், நேரமும் பொறுமையும்தான் வேண்டும். காலை 6 முதல் 9 வரை, மாலை 4 முதல் 6 வரை. நடுப்பகலில் எதுவும் வெளியே வராது. 14 பேர் ஒரே இடத்தில் பேசிக்கொண்டு நின்றால் ஒன்றுமே கிடைக்காது. நாலு நாலு பேராகப் பிரிந்து, ரோட்டோரமாக ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது இருபது நிமிடம் அசையாமல் நில்லுங்கள்.

சிங்கவால் குரங்கு, அதாவது சோலைமந்தி, பெரும்பாலும் மரத்தின் மேல்தட்டிலேயே வாழ்கிறது. வெடிப்பலா, காட்டுப்பலா, அத்தி மரங்கள் நிற்கும் சோலை ஓரத்தில் மேலே பாருங்கள். கிளை ஆடுவதும் தோல் கீழே விழும் சத்தமும்தான் முதல் அறிகுறி. கருமந்தி இன்னும் எளிதாகத் தெரியும், அதன் உரத்த குரல் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்கும். இருவாட்சி பறந்தால் முதலில் இறக்கைச் சத்தம் வரும், பழுத்த அத்திமரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அங்கேயே காத்திருக்கலாம். காட்டுமாடு அந்தி நேரத்தில் தேயிலை ஓரத்துக்கு வரும். கூட்டமாக மேய்வது பெரும்பாலும் உங்களைப் பார்த்துவிட்டு விலகிப் போகும். தனியாக நிற்கும் கடா விலகாது, அதனிடம் போக வேண்டாம். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இடத்துக்காகச் சண்டை வந்துவிட்டதென்று எண்ணி அந்தப் பறவை இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு வருகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

யானையைத் தேடிப் போகாதீர்கள். ரோட்டில் ஆவி பறக்கும் சாணமோ புதிதாக ஒடிந்த கிளையோ இருந்தால் கூட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் வேனை மலை ரோட்டில் பின்னுக்கு எடுப்பது சுலபமல்ல. ஆகவே குறைந்தது நூறு மீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். ஹாரன், ஃபிளாஷ், கூச்சல் எதுவும் கூடாது. யாரும் இறங்கவும் கூடாது. அது கடந்துபோன பிறகும் பத்து நிமிடம் நில்லுங்கள், குட்டியோடு பின்தங்கி வருவது இருக்கும். ஏரிக்கரையில் அந்தி நேரத்தில் நடக்கவே வேண்டாம், தண்ணீருக்கு அவை வரும் நேரம் அது. அத்தர், சென்ட் பூசிக்கொண்டு காட்டோரம் போகாதீர்கள். விலங்கு விலகிவிடும், மலைத்தேனீயோ நெருங்கி வரும்.

பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42. சோலையில் வெளிச்சம் குறைவு, 42 மி.மீ. கண்ணாடி அதற்குப் போதும். 20 மடங்கு என்று விற்பவை கை நடுக்கத்தையும் அதே 20 மடங்காக்கும், பிள்ளைகளால் ஒன்றையும் பிடிக்க முடியாது. திரும்பி வரும்போது மேலே குளிர்ந்த கண்ணாடியைக் கீழே ஈரக்காற்றில் சட்டென்று வெளியே எடுத்தால் உள்ளே பனி படிந்து பூஞ்சை பிடிக்கும். பையோடு வைத்து, சூடு சமமான பிறகு திறவுங்கள். வீட்டில் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

பெரியம்மாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு மிகப் பொருத்தமான இடம். முதுகுளத்தூர், கமுதி, அருப்புக்கோட்டை வழி போனால் மேகமலையைவிட ஒரு வழிக்கு ஏறக்குறைய நூறு கி.மீ. குறைவு, கொண்டை ஊசி கிடையாது. ஊரிலிருந்து சில கி.மீ. தூரத்தில் அடிவாரத்திலேயே காடு தொடங்குகிறது, வனத்துறை நுழைவாயிலில் கேட்டுவிட்டுப் போகலாம். சாம்பல் நிற மலை அணிலுக்காகவே 1988இல் அமைத்த சரணாலயம் இது. ஓடைக்கரைப் புளி, மா, மருத மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அது இருக்கும். தரையிறங்காமல் கிளைக்குக் கிளை தாவும், நடுவில் ஒரு மரத்தை வெட்டினாலே அதன் பாதை அறுந்துவிடும். கூடு உச்சிக்கிளைப் பிரிவில் இலையும் குச்சியும் சேர்ந்த உருண்டையாகத் தெரியும். காலை 7 மணிக்கு அங்கே இருங்கள். பெரியம்மா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஓடையில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும், குளியலை எதிர்பார்க்க வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், முதல்முறை காட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு மேகமலையைவிட இதுவே நல்லது. பார்ப்பதற்கு ஒரு குறிப்பிட்ட உயிர் இருக்கிறது, அது பெரும்பாலும் கண்ணிலும் படும்.

மண்டபம்_செவிலி:

அட்டைக்கு: செப்டம்பர் கடைசியில ஈரம் இருக்கும், அட்டையும் இருக்கும். நெருக்கமா நெய்த துணியில முழங்கால் வரைக்கும் வர்ற அட்டைக் காலுறை வாங்கி, பேன்ட்டை அதுக்குள்ள செருகிக்கங்க. சாதாக் காலுறையில பின்னல் வழியா நுழைஞ்சுரும். மூக்குப்பொடியும் தேங்காயெண்ணெயும் குழைச்சுக் காலுறை மேல தடவலாம். கடிச்சுக்கிட்டு இருக்கும்போது உப்பு போடுறது, நெருப்பு வைக்கிறது, பிச்சு இழுக்கிறது மூணும் வேண்டாம். உப்பு பட்டா குடிச்சதைக் காயத்துக்குள்ளேயே கக்கும், இழுத்தா வாய்ப்பகுதி காயத்துல தங்கிப் புண்ணாகும். ஒல்லியான பக்கம்தான் வாய். நகத்தைத் தோலோட ஒட்டி அதுக்கு அடியில செருகித் தள்ளினா விட்டுரும். சோப்பு போட்டுக் கழுவி, பஞ்சு வச்சுப் பத்து நிமிஷம் அழுத்துங்க. ரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துறதால கொஞ்ச நேரம் கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், பயப்பட வேண்டாம். ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுறவங்க, சர்க்கரை உள்ளவங்க ஈரப்புல்லுல இறங்க வேண்டாம். பெரியம்மா என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு பாருங்க.

பாம்புக்கடிக்கு நம்ம ஆஸ்பத்திரிகள்ல இருக்கிற மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். மலைச்சோலையில கிளையிலயும் பாறையிலயும் இருக்கிற குழிவிரியன்களுக்கு அது சரியா வேலை செய்யாது. அதனால கையை எங்க வைக்கிறோம்னு பார்த்து வைக்கணும், பிள்ளைங்க கிளையைப் பிடிச்சுத் தொங்கக் கூடாது. கடிச்சுட்டா இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க. மோதிரம், கொலுசு கழட்டி, கைகாலை அசையாம வச்சு, 108க்குச் சொல்லிக்கிட்டே கீழ இறங்குங்க. எந்தப் பாம்புன்னு தெரியாட்டியும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். முதல்ல சின்னமனூர் அரசு ஆஸ்பத்திரி, பெரிய வசதி தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரியில. மேல எல்லா இடத்துலயும் சிக்னல் கிடைக்காது, ரெண்டு கம்பெனி சிம் வச்சுக்கங்க.

சுருளியில குளிச்சீங்கன்னா ஒண்ணு: நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிச்சாலும் மேலே மழை இருக்கலாம். தண்ணி கலங்கிச் செம்மண் நிறமா மாறினாலோ, இலையும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ செருப்பைக்கூட எடுக்க நிக்காம பக்கவாட்டுல மேடேறணும். ஓடையோட போக்குல கீழ்நோக்கி ஓடக் கூடாது.

குளிருக்கு: ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஹைவேவிஸ் சுமார் 1,500 மீட்டர், அதனால நம்ம ஊரைவிடப் பத்து டிகிரி குறைவுன்னு வச்சுக்கங்க. ராத்திரி காத்தும் சாரலும் சேர்ந்தா பிள்ளைங்க நடுங்கும். ஆளுக்கு ஒரு கம்பளிச்சட்டை, ஒரு மழைக்கோட்டு, மாத்து உடுப்பு. குடை காட்டுக்காத்துக்கு நிக்காது. வாந்தி வர்ற பிள்ளைகளை முன்சீட்டுல உட்கார வைங்க, சின்னமனூர்ல ரெண்டு இட்லியோட நிறுத்துங்க, மலையேறும்போது போன் பார்க்க விடாதீங்க.

கீழைக்காற்று:

எல்லாரும் சொன்னதை வச்சுத் திட்டத்தை மாத்திட்டோம். முதல் நாள் காலை 3 மணிக்குக் கிளம்பி 7 மணிக்குச் செண்பகத்தோப்பு. மதியம் வரைக்கும் அங்கே. பெரியம்மாவும் இன்னும் ரெண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல உறவுக்காரர் வீட்டுல தங்கிருவாங்க. மத்தவங்க மதியம் கிளம்பிச் சின்னமனூர்ல ராத்திரி தங்கி, மறுநாள் காலை 6 மணிக்குத் தென்பழனி கேட். ஹைவேவிஸ்ல மதியம் வரை இருந்துட்டு இறக்கம். மேல தங்கலை. இது சரியா வருமா?

வைகைக்கரை:

நல்ல திட்டம். மேல தங்காததால அறை முன்பதிவு, ராத்திரிக் குளிர் ரெண்டு தொல்லையும் இல்லை. சின்னமனூர்லேர்ந்து ஹைவேவிஸ் நாற்பது கி.மீ. சொச்சம்தான், ஆனா ரெண்டு மணி நேரம் பிடிக்கும். மதியத்துக்கு மேல மூடுபனி இறங்கும், அதனால ஒரு மணிக்கு இறக்கம் ஆரம்பிச்சுருங்க. பெரியம்மாவைக் கூட்ட மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும்ங்கிறதையும் நேரத்துல சேர்த்துக்கங்க. மகாராஜாமெட்டு இந்தத் தடவை வேண்டாம், அதுக்கு நேரம் பத்தாது.

பட்டறை_பரமக்குடி:

காலை 3 மணிக்கு ஓட்ட ஆரம்பிச்சவரே மதியம் மறுபடி சின்னமனூர் வரைக்கும் ஓட்டணும். செண்பகத்தோப்புல அவரை வண்டியில ரெண்டு மணி நேரமாவது தூங்க விடுங்க, சுத்திப் பார்க்க இழுத்துட்டுப் போகாதீங்க. சக்கரக்கட்டை ரெண்டு, அஞ்சு லிட்டர் கூலன்ட், ஒரு ஃபேன் பெல்ட் உதிரி வண்டியில இருக்கட்டும். ஸ்டெப்னியில காத்து எவ்வளவு இருக்குன்னு கீழக்கரையிலேயே பார்த்துருங்க.